கிணற்றடியில் வழுக்கி

டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஒரு மாதம் பழகினால் போதும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஒழுங்கு இருக்கும். ஒருவர் எழுத்துகளைக் கொக்கி கொக்கியாகப் போடுவார், இன்னொருவர் வரியின் கடைசிச் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இருபத்தாறு வருடமாக இவற்றை வாசித்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டதற்கும் அதுதான் காரணம். உங்கள் சார்ஜன்ட் எழுதிய தாளைப் பார்த்தேன். வெட்டும் கொத்துமாக, வெற்றிலைக் கறையோடு இருந்தது. அதைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் ஸஹீத். ஊர் மருதமுனை, வயது ஐம்பத்துமூன்று. கல்முனைக் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதிவேட்டு உத்தியோகத்தர். எந்த ஆஸ்பத்திரி என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது, நான் திரும்ப எழுதி அதன் பெயரைக் கெடுக்க விரும்பவில்லை. வார்ட்டில் நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் கோப்பை நாங்கள் டிக்கட் என்போம். நோயாளி வீட்டுக்குப் போனதும், அல்லது உயிர் பிரிந்து மௌத்தானதும், அந்த டிக்கட் என் அறைக்கு வரும். நான் அதை வாசித்து, தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து, நோய்க்குரிய குறியீட்டு இலக்கத்தைப் போடுவேன். அந்த இலக்கங்கள் கொழும்புக்குப் போகும். எந்த ஊரில் எத்தனை பேருக்குச் சீனி வருத்தம், எத்தனை பேருக்குப் பாம்புக்கடி என்று அங்கே தொகுப்பார்கள்.

காயம் என்றால் இரண்டு இலக்கம் போட வேண்டும். ஒன்று உடம்பில் எது கெட்டது என்பதற்கு. மற்றது அது எப்படிக் கெட்டது என்பதற்கு. முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற இணைநார் கிழிந்தால் எஸ் 83.5. ஊரில் சவ்வு கிழிஞ்சிட்டு என்பார்கள், அதேதான். வழுக்கி விழுந்து கிழிந்திருந்தால் அதனோடு டபிள்யூ 01 என்று சேர்க்க வேண்டும். யாரும் அடித்தோ உதைத்தோ கிழிந்திருந்தால் வை 04. நடந்த இடம் வீடு என்றால் எதுவானாலும் கடைசியில் ஒரு பூச்சியம் வரும். நீங்கள் மூன்று நாளாக என்னைக் குடைந்து கேட்பதெல்லாம் இந்த இரண்டாவது இலக்கத்தைப் பற்றித்தான்.

எனக்கு அருவருப்பு அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படி. டிக்கட்டுகளில் சீழ் காய்ந்து ஒட்டியிருக்கும். தேத்தண்ணி சிந்தியிருக்கும். சில தாள்களில் இருப்பது என்னவென்று யோசிக்காமல் புரட்டிவிடுவதுதான் புத்தி. ஒவ்வொரு கட்டும் முடிந்ததும் எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிறவன் மாதிரி என்று சிற்றூழியர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஒளுச் செய்ற சேர்' என்று சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். ஆனால் சீழையும் இரத்தத்தையும்விட என்னைக் குமட்ட வைப்பது வேறொன்று. பெண்கள் வீட்டுக்குள் நடந்ததை எல்லாம் டொக்டரிடம் கொட்ட, அவரும் அதை மை வைத்து எழுதி வைப்பாரே, அது. சீழைக் கழுவிவிடலாம். எழுதி வைத்த குடும்பக் குப்பையை யார் கழுவுவது?

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் ஓர் இணக்க சபை இருக்கிறது. பதினொரு வருடமாக நான் அதன் செயலாளர். புருஷனும் பெண்சாதியும் பிணங்கினால் காதி நீதிமன்றத்துக்குப் போக முன்னர் எங்களிடம் வருவார்கள். நாற்பத்தொரு சோடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுகூடப் பிறகு காதியிடம் போய் விவாகரத்துக் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் தலைவர் இதை ஒலிபெருக்கியில் சொல்லி எனக்காகத் துஆச் செய்தார். கடைத்தெருவில் போனால் ஆட்கள் எழுந்து ஸலாம் சொல்வார்கள். மருதமுனையில் ஒருவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜுனைதா என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள், காக்கா என்று என்னைக் கூப்பிடும் என் ஒரே தங்கச்சி. வாப்பா மௌத்தாகும்போது அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்துப் புருஷன் வீட்டுக்குப் போகமாட்டாள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம், புருஷன் அங்கே வந்து குடியிருப்பான். அவளுக்கு நான்தான் வீடு கட்டினேன். மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். வாப்பாவின் இடத்தில் பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, வலியாக நின்று றிம்சானின் கையைப் பிடித்து நிக்காஹ் நடத்திக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

றிம்சான் ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவன். ஆள் பார்வைக்கு நல்ல உயரம், தொழுகையும் குறைவில்லை. ஆனால் எனக்கு அவன் பக்கத்தில் இருக்கவே அருவருப்பு. நகத்துக்குள் எப்போதும் மீன் செதில் இருக்கும். அந்த விரலால் சோற்றைப் பிசைந்து, விரல் ஒவ்வொன்றாக நக்கி, அதே கையால் என் தோளில் தட்டி மச்சான் என்பான். அவனோடு ஒரே சஹன் தட்டில் நான் சாப்பிட்டதில்லை. நான் அவன் பக்கம் சாய்ந்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது பிழை. எனக்கு அவனைக் கொஞ்சமும் பிடிக்காது.

போன வருடம் பெப்ரவரியில் ஜுனைதாவை முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலது முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அன்றைக்கு வார்ட்டில் இருந்தவர் டொக்டர் பவிதரன், பயிற்சிக்கு வந்த பையன் மாதிரியான டொக்டர். வீக்கத்துக்குள் ஊசி போட்டு இழுத்தார். தனி இரத்தம் வந்தது. மூன்று நாள் கழித்து, வீக்கம் வற்றிய பிறகு, அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையை இறுக்கிப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலைத் தன் பக்கம் இழுத்தார். நல்ல கால் என்றால் ஓர் இடத்தில் நிற்கும். இவளுடைய கால் நிற்கவில்லை. இழுத்துத் திறக்கும் மேசை லாச்சி போல வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு வெளியூரில் எடுத்த எம்.ஆர்.ஐ. படமும் அதையே சொன்னது. உள்ளே குறுக்கு இணைநார் முழுசாக அறுந்திருந்தது.

அந்தப் பையன் நல்ல டொக்டர். அதுதான் கரைச்சலாகப் போய்விட்டது. மற்றவர்கள் 'முழங்கால் காயம்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். இவர் கட்டிலில் இருந்து கேட்டுக் கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஜுனைதா வீட்டுத் தறியில் நெய்துகொண்டு இருந்திருக்கிறாள். றிம்சான் சாப்பிட வந்திருக்கிறான். சோறு போட எழும்பும்போது ஒரு கால் தறியின் மிதியிலும் மறு கால் தரையில் ஊன்றியும் இருக்க, ஊன்றிய காலில் வெளிப் பக்கமாகக் குதிக்காலால் உதைத்திருக்கிறான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். இவ்வளவையும் அவள் சொன்ன வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு முழங்காலைக் கீறி, மூட்டுக்கு நான்கு விரல் மேலே வெளிப் பக்கத்தில் இரத்தம் கட்டிக் கண்டிப்போன இடத்தைப் புள்ளி புள்ளியாக அடையாளம் போட்டு, வழுக்கி விழுந்தால் இந்த இடத்தில் இப்படிக் கண்டாது என்று கீழே எழுதி, கையொப்பமும் வைத்திருந்தார்.

அன்று பின்நேரம் ஜுனைதாவைப் பார்க்கப் போனேன். அழவில்லை. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"டொக்டருக்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிட்டன் காக்கா. அவர் எழுதிட்டார். இனி எனக்குப் பயமில்ல."

அவள் வீட்டுக்குப் போய் நான்காம் நாள் டிக்கட் என் மேசைக்கு வந்தது. கதவைச் சாத்தினேன். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். என் தங்கச்சியின் உடம்பை, என் வீட்டுச் சங்கதியை, ஆரோ ஒரு பையன் படம் கீறி வைத்திருக்கிறார். இது நாளைக்கு எத்தனை பேர் கையில் புழங்கும்? எனக்கு வந்த அருவருப்பைச் சொல்ல முடியாது. அந்தத் தாளைக் கழற்றி எடுத்தேன். அதே நிற மையில், அதே சாய்வில், வேறொரு தாள் எழுதி அந்த இடத்தில் வைத்தேன். 'கிணற்றடியில் வழுக்கி விழுந்தார்.' ஒரு வரி. பவிதரன் கையெழுத்து இலேசானது, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து. கையொப்பம் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் இலக்கத்தில் நான் கை வைக்கவில்லை. எஸ் 83.5 என்றுதான் போட்டேன். சவ்வு அறுந்தது உண்மை, அதை உண்மையாகவே எழுதினேன். எம்.ஆர்.ஐ. அறிக்கையும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது இலக்கத்தில் மட்டும் வை 04 வர வேண்டிய இடத்தில் டபிள்யூ 01 போட்டேன். கடைசிப் பூச்சியத்தைக்கூட மாற்றவில்லை. வீட்டில் நடந்தது என்பதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

இது முதல் தரமா என்று கேட்டீர்கள். இல்லை. சபைக்கு வந்த நாற்பத்தொரு சோடிகளில் பதினாலு பெண்களின் டிக்கட்டுகள் என் அறைக்கு வந்திருக்கின்றன. கை முறிந்தது, காதுச் சவ்வு வெடித்தது, ஒருத்திக்குத் தாடை. எல்லோரையும் கிணற்றடியில் விழுத்தினேன். அவர்களுக்கு நான் செய்த உபகாரம் அது. டிக்கட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு எந்தப் பெண்ணும் வீணாகக் காதியிடம் அலையவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு கடிதம்கூட வந்தது. உங்கள் பகுதியில் கிணற்றடியில் வழுக்கி விழும் பெண்கள் வழமைக்கு மாறாக அதிகம், காரணத்தைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கவும் என்று. பாசியைச் சுரண்டுங்கள், சீமெந்துத் தரையைச் சொரசொரப்பாகப் போடுங்கள் என்று வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். அதை எழுதியது நான். நல்ல பிரசுரம் என்று பாராட்டினார்கள்.

ஜுனைதாவின் கால் சுகப்படவில்லை. சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்தது, றிம்சான் கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்கும் அந்த மாதம் சபை வேலை கூட. கால் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் நடந்துகொண்டு போகும்போது திடீரென்று முழங்கால் விட்டுக்கொடுத்துவிடும். மிதியை மிதிக்க முடியாமல் தறியை விட்டாள். குந்த முடியாது, மாடிப்படி ஏற முடியாது. குழாய்க்குக் கீழே கதிரை போட்டிருந்துதான் பாத்திரம் கழுவுவாள். ஓகஸ்டில் இன்னொரு தரம் அடி விழுந்தது. அன்றைக்கு றிம்சான் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் கேற்றைப் பூட்டிவிட்டாள். வீடு அவளுடையது, திறக்கவில்லை. அவன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

அவள் என்னிடம் சொல்லாமலே காதியிடம் பஸஹ் கேட்டு மனுப் போட்டாள். புருஷனின் கொடுமையைக் காரணம் காட்டிப் பெண் கேட்கிற விவாகரத்து அது. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சபைச் செயலாளரின் தங்கச்சி. தேத்தண்ணிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பதினொரு வருடத்தில் ஒருத்தியும் போகாத இடத்துக்கு, என் கையால் சோறு தின்று வளர்ந்தவள் போகிறாள்.

பஸஹுக்குச் சாட்சி வேண்டும். வீட்டுக்குள் நடந்ததற்கு அவளிடம் ஆள் சாட்சி இல்லை. ஆனால் அவளுக்கு டிக்கட் இருந்தது. அதில் டொக்டர் எழுதினதை எடுத்துத் தாங்க காக்கா என்று என்னிடமே வந்து கேட்டாள். மூன்றாம் நாள் உறுதிப்படுத்திய பிரதி எடுத்து, சீல் வைத்து, கடித உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. உறையை இரண்டு கையாலும் வாங்கி ஹபாயாவுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். "அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் காக்கா" என்றாள். நான் ஆமீன் சொன்னேன்.

விசாரணைக்கு நானும் போனேன். காதியார் உறையைப் பிரித்து வாசித்தார், திரும்பவும் வாசித்தார், பிறகு அவளுக்கு விளங்கத் தமிழில் சொன்னார். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக நீங்களே டொக்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள், இது உங்கள் மனுவுக்கு மாறாக இருக்கிறது, வேறு சாட்சி இருந்தால் அடுத்த தவணைக்குக் கொண்டு வாருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். றிம்சானுக்கே அது புதினமாக இருந்தது, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஜுனைதா அவனைப் பார்க்கவில்லை. காதியாரையும் பார்க்கவில்லை. வாங்கில் இருந்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"கிணத்தடியில நான் எப்ப காக்கா உழுந்த?"

சத்தம் போடவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். நான் கீழே குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். அவளுடைய வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது, அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு வேலை இலேசாகிவிட்டது. மனு கிடப்பில் கிடந்தது, விசயம் சபைக்கு வந்தது. ஊரார் முன்னிலையில் றிம்சான் மன்னிப்புக் கேட்டான். ஒக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் மோட்டார் சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு ஜுனைதா வீட்டுக்குப் போனேன். வழியில் பின்னாலிருந்து என் காதுக்குள் சிரித்துக்கொண்டு சொன்னான்:

"ஒங்கட துண்டில கிணத்தடிண்டுதானே இரிக்கி மச்சான். இனி என்ன நடந்தாலும் கிணத்தடிதான்."

வெற்றிலைச் சாறு என் கழுத்தில் தெறித்தது. எனக்கு உடம்பு முழுதும் கூசியது. லேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். அவனுடைய ஊத்தைப் பகிடிகளில் ஒன்று என்று நினைத்தேன். என்ன நினைத்தேன் என்று சத்தியம் செய்து கேட்டால், கழுத்தை எப்போது கழுவலாம் என்றுதான் நினைத்தேன்.

கேற் பூட்டியிருந்தது. வீடு கட்டியவன் என்ற முறையில் என்னிடம் ஒரு திறப்பு இருந்தது. நான் திறந்தேன். ஜுனைதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வலது காலில் பாரம் வைக்காமல்.

"அவர உள்ளுக்க எடுக்காதீங்க காக்கா. இந்தக் கால வெச்சிக்கிட்டு எனக்கு ஓடவும் ஏலாது."

பொறுத்துக்கொள், ஸபுராக இரு என்று சொன்னேன். றிம்சானின் கையைப் பிடித்து வாசலில் ஏற்றிவிட்டேன். நாற்பத்திரண்டாவது சோடி. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தேன்.

ஏழு கிழமை போனது. டிசம்பர், நல்ல மாரி. காலை ஒன்பதரை மணி இருக்கும், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். றிம்சானின் கோல் வந்தது. "மச்சான், கெதியா வாங்க. இவ கிணத்துக்குள்ள" என்றான். நான் போகும்போது அவளை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தான். பிடவை ஒன்றால் மூடியிருந்தான். வேறு யாரும் வந்திருக்கவில்லை. முதலில் எனக்குக் கூப்பிட்டிருக்கிறான், விளங்குகிறதா? ஆஸ்பத்திரிக்கு இல்லை, அக்கம்பக்கத்துக்கு இல்லை. எனக்கு.

அந்தக் கிணறு பாவனையில் இல்லாத கிணறு. குழாய்த் தண்ணீர் வந்து ஆறு வருடம். வாயை வலை போட்டு மூடி நாலு மூலையிலும் கல் வைத்திருந்தோம். அன்று வலை ஒரு பக்கமாகச் சுருட்டிக் கிடந்தது. கப்பிக்குக் கீழே வாளி தொங்கியது. எட்டிப் பார்த்தேன். வாளிக்குள் சிலந்தி வலை, நடுவில் சிலந்தி. வழுக்கி விழ முன்னர் ஜுனைதா தண்ணீர் அள்ளியிருக்க வேண்டும் அல்லவா? பதிவு ஒரு மாதிரியும் இடம் வேறொரு மாதிரியும் இருந்தால் பார்க்கிறவர் குழம்புவார். வாளியைக் கழற்றினேன். சிலந்தியை விரலால் எடுத்து எறிந்தேன், அது நசுங்கி விரலில் ஒட்டியது. மாரிக் கிணறு, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வாளியை முக்கி நிரப்பிக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தேன். கொஞ்சம் தரையில் ஊற்றினேன். றிம்சான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

திடீர் மரண விசாரணை அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், என்னைத் தெரிந்தவர். டிக்கட்டின் பிரதி என் பையில் தயாராக இருந்தது. முழங்கால் சவ்வு அறுந்தவள், கால் விட்டுக்கொடுக்கும், முன்னரும் இதே கிணற்றடியில் விழுந்திருக்கிறாள், காதி நீதிமன்றத்திலும் இந்தச் சான்று இருக்கிறது என்று காட்டினேன். அதில் அவர் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஜனாஸாவை அறுக்காமல் தர வேண்டும் என்று கெஞ்சினேன். எங்கள் ஆட்களுக்கு மையித்தை வெட்டிக் கிழிப்பதென்றால் உயிர் போகிற மாதிரி என்பது அவருக்கும் தெரியும். கையொப்பம் வைத்துத் தந்தார்.

லுஹர்த் தொழுகைக்கு முன் ஸம்ஸியா குளிப்பாட்ட வந்தா. எங்கள் தெருவில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவ அவதான். அரை மணித்தியாலம் கழித்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டா. கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் பதிந்திருக்கிறது, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் நாலு என்று சொன்னா. குளிப்பாட்டுகிறவர் மையித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது, மறைக்க வேண்டும். எங்கள் மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது. அதை அவவுக்கு ஞாபகப்படுத்தினேன். அவ தலையை ஆட்டி மறுத்தா.

"மறைக்கச் சொன்ன மையித்துட குறைய காக்கா. இது மையித்துட குறை இல்ல. செஞ்சவன்ட குறை."

நீ மார்க்கம் படித்தவளா என்று கேட்டேன். அவ உள்ளே போனா. கபன் கட்டி முடித்தார்கள், அஸருக்கு அடக்கிவிட்டோம். ஜனாஸாத் தொழுகையை நான்தான் நடத்தினேன். நல்ல கூட்டம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பவிதரன் வந்தார். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனவர், யாரோ தாதி சொல்லிக் கேள்விப்பட்டு, பெப்ரவரியில் ஒரு நாள் நேரே என் அறைக்கு வந்தார். டிக்கட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், கொடுக்காமல் இருக்கச் சட்டம் இல்லை. புரட்டினார். "ஸஹீத் நானா, நான் கீறின படம் எங்க?" என்றார். அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்றேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார். தன் கையால் முதன்முதலாகக் கண்டுபிடித்த முழங்கால் என்று, அந்தப் பக்கத்தை அன்றைக்கே படம் எடுத்து வைத்திருந்தாராம். நோயாளியின் தாளைப் படம் எடுப்பது விதிக்குப் புறம்பு. அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முறைப்பாடு எழுதினேன், நீங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஸம்ஸியா நீதவானிடம் போய்ச் சொன்னா. மையவாடியில் அவளைத் தோண்டினீர்கள். என்னையும் நிற்க வைத்தீர்கள். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது, உங்களை நான் மன்னிக்கப்போவதில்லை. கழுத்துக்குள் சின்ன எலும்பு ஒன்று முறிந்திருந்ததாம். றிம்சான் பக்கத்து அறையில் இருக்கிறான். உதைத்ததையும் நெரித்ததையும் தூக்கிப் போட்டதையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றும், எல்லாம் மச்சானுக்குத் தெரியும் என்றானென்றும் சொன்னீர்கள். ஓம், தெரியும். வாளிக்குள் பார்த்தபோதே தெரியும். தாளை மாற்றினேன். கேற்றைத் திறந்தேன். வாளியை நனைத்தேன். ஸம்ஸியாவின் வாயை மூடப் பார்த்தேன். அறுக்காமல் அடக்கினேன். மற்றப் பதினாலு பேரின் டிக்கட் இலக்கங்களையும் தனித் தாளில் ஒழுங்காக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை, அவை எல்லாம் நோய் வருத்தத்தில் நடந்த மௌத்துகள் என்றுதான் பதிவில் இருக்கிறது.

இங்கே கை கழுவச் சவர்க்காரம் இல்லை. நேற்றும் கேட்டேன். விரலில் அந்தச் சிலந்தியின் பிசுபிசுப்பு போகவே மாட்டேன் என்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அரசாங்கப் பதிவேட்டில் தெரிந்துகொண்டே பொய் எழுதினேன் என்பதை ஏற்றுக்கொள்கிறேனா என்று. மற்ற எல்லாவற்றுக்கும் கையொப்பம் வைக்கிறேன், அந்த ஒரு வரிக்கு வைக்கமாட்டேன். இருபத்தாறு வருடத்தில் என் பதிவில் பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை. ஜுனைதா கிணற்றடியில் விழுந்தாள் என்று எழுதினேன். விழுந்தாள். பத்து மாதம் முந்தி எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.